குட்டைக் குழல்

துவக்கு வாங்கப்போகிறேன் என்று ஓட்டோ ஸ்டாண்டில் வாயை விட்டதுதான் நான் செய்த முதல் பிழை. அன்றிலிருந்து அம்பிட்டியில் என் பெயரே மாறிவிட்டது. "வேட்டைக்காரர் வந்திட்டாரு, வழி விடுங்கப்பா!" என்பான் ஒருவன். "அண்ணே, மான் இறைச்சி எப்ப? இப்பவே மிளகு இடிச்சு வைக்கச் சொல்லவா?" என்பான் அடுத்தவன். மானைச் சுட்டால் மறியலுக்குள் கம்பி எண்ணவேண்டியதுதான், எனக்குத் துவக்குத் தருவது பயிரைத் தின்கிற பன்றிக்காக மட்டும் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கிற ஆட்களா அவர்கள்? நானும் சும்மா இருந்தேனா என்றால், இல்லை. "பாப்போம், பாப்போம்" என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

வீட்டு நிலைமை வேறு. எங்கள் லயத்துக்கு, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு மேலே, தோட்டம் கைவிட்ட தேயிலைச் சரிவில் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து என் மனைவி போஞ்சிக் கொடியும் மரவள்ளிக் கிழங்கும் போட்டிருந்தாள். முதல் போகத்தைக் காட்டுப்பன்றிகள் கிளறிப்போட்டன. இரண்டாவது போகத்தையும் அப்படியே செய்தன. தகரத்தைத் தட்டினோம், பழைய சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டோம், பட்டாசும் கொளுத்தினோம். பன்றிகள் அதையெல்லாம் திருவிழா என்று நினைத்தனவோ என்னவோ, குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்தன. மூன்றாவது முறை விதை போட்ட அன்று மனைவி கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இதையும் பன்னி தின்னுச்சுன்னா நான் திரும்பக் குவைத்துக்குப் போறேன். இது சும்மா பேச்சு இல்லங்க."

சும்மா பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது அவள் ஒரு தடவை போனவள். நான்கு வருடம் அங்கே யாரோ பெற்ற பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினாள். திரும்பி வந்த அன்று விமான நிலையத்தில் மகள் என் காற்சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அப்பா, இந்த ஆன்டி நம்ம வீட்டுலயா தங்குவாங்க?" என்று கேட்டாள். என் மனைவி அதைக் கேட்டுச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளிக்கப் போனவள் வெளியே வர ஒரு மணித்தியாலம் ஆனது. இப்போது மகளுக்குப் பதினான்கு வயது. அம்மாவும் மகளும் ஒரே போர்வையில் படுத்துக் கதை பேசுகிற வயது. இன்னொரு தடவை அந்த விமான நிலையத்துக்குப் போக என்னால் முடியாது. அதனால்தான் துவக்கு.

எங்கள் லயத்தில் யாரும் அதுவரைக்கும் துவக்குக்கு விண்ணப்பித்ததில்லை. எப்படி விண்ணப்பிப்பது? என் வாலிப வயதில் கண்டி டவுனில் அடையாள அட்டையை எடுக்க மறந்துவிட்டால் அடுத்த பஸ்ஸிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். நான்கு டோர்ச் பற்றரி வாங்கினாலே "எதுக்கு?" என்று பொலிஸ் கேட்ட யுத்த காலம் அது. அப்படிப்பட்ட நான் கிராம சேவகர் முன்னால் நின்று, துவக்கு வேண்டும் என்று எழுதிய படிவத்தை நீட்டினேன். அவர் படிவத்தை வாசித்தார், என்னைப் பார்த்தார், நேரே மலையேறி வந்து கிளறிப்போட்ட மரவள்ளியைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பொலிசில் ஒரு பெரியவர் சிங்களத்தில் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். எத்தனை பன்றி வருகிறது என்று. "ஏழு, சேர்" என்றேன். "அப்போ சீக்கிரம் எழுதணும்" என்று சிரித்தார். மாவட்ட அலுவலகமான கச்சேரியிலிருந்து அனுமதிக் கடிதம் வந்த அன்று நான் அதை ஆறு தடவை வாசித்தேன். என் பெயர் சரியாகவே இருந்தது.

கடைக்குத் தனியாகப் போகத்தான் நினைத்திருந்தேன். மனைவி சேலையை மாற்றிக்கொண்டு என் ஓட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எதுக்கு? துவக்கப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

"ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

ஓட்டோவை எடுத்தேன்.

கண்டியில் அந்தக் கடையை நடத்துகிறவர் மடவளைக்காரர், முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது இளையவர். மேசையில் ஒரு துணியை விரித்து, அதன்மேல் துவக்கின் உடம்பை ஒருபக்கமும் இரண்டு குழல்களை மறுபக்கமும் வைத்தார். "இந்த உடம்புக்கு ரெண்டு குழலும் சரியா பொருந்தும். நானே பொருத்திப் பாத்தது. ஆனா லைசன்ல ஒரு நம்பர்தான் எழுதலாம். எது வேணும்ண்டு செல்லுங்க, அண்ணே" என்றார்.

ஒரு குழல் நீளம். அதன் வாய் சற்று ஒடுங்கியிருந்தது, ரவைகள் சிதறாமல் தூரத்துக்குப் போவதற்காக. மற்றது அதைவிட ஒரு சாண் குட்டை, ஒடுக்கமில்லாத வாய். நீளக் குழலை எடுத்துத் தோளில் வைத்தேன். அடேயப்பா! கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. ஓட்டோ ஸ்டாண்டில் இதை மட்டும் பார்த்தார்கள் என்றால்!

"இதுதான்" என்றேன். "தோட்டா, அந்த ஒற்றைக் குண்டு போட்டது இருக்காமே? ஒரே அடியில ஆளக் கவுக்கிறது? அதுல ஒரு பெட்டி குடுங்க."

முதலாளி அலுமாரியைத் திறந்து இரண்டு தோட்டாக்களைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார். ஒன்றுக்குள் பெருவிரல் நுனி அளவில் ஒரே ஈயக்கட்டி. மற்றது எஸ்.ஜி., அதற்குள் கடலை அளவில் ஒன்பது உருண்டைகள்.

"ஒடுங்கின குழலுக்கும் ஒத்தக் குண்டுக்கும் சரிப்பட்டு வராது அண்ணே. அது குட்டைக் குழலுக்குத்தான் தோது. நீங்க ரெண்டையும் மாத்திப் பிடிச்சீக்கிறீங்க. அதை விடுங்க. நான் ஒண்டு கேக்கிறேன், கோவிச்சிக்க வாணாம்." என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "அதுக்குப் பின்னுக்கு என்ன ஈக்கிது?"

அவர் பன்றி என்ற சொல்லைச் சொல்லவே மாட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அவருக்கு அது 'அது'தான்.

"எதுக்குப் பின்னுக்கு?"

"நீங்க சுடுறீங்க, குண்டு அதுல படல்ல. இல்லாட்டி பட்டு மத்தப் பக்கத்தால வெளியில போகுது. அப்ப எங்க போய் நிக்கும்? ஒத்தக் குண்டு வயல் தாண்டி, ரோட்டுத் தாண்டிப் போற சாமான்."

நான் காவல் குடிசையைச் சரிவின் உச்சியில் கட்டியிருந்தேன். ஆம்பிளை மேலே இருந்து பார்க்கவேண்டாமா? அங்கேயிருந்து பார்த்தால் கீழே போஞ்சி, அதற்குக் கீழே மரவள்ளி, அதற்கும் கீழே லயம். லயத்து வாசலில் மகள் படிக்கிற கதிரை. குழலைத் துணிமேல் வைத்தேன்.

மனைவிதான் பேசினாள். "குடிசையைக் கீழ இறக்கிக் கட்டினா என்ன தம்பி? மரவள்ளிக்கும் கீழ, லயத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு. அங்க இருந்து மேல பாத்துச் சுட்டா, போஞ்சிக்குப் பின்னால தேயிலை போட வெட்டின மண் அணை இருக்கு. என்னைவிட ரெண்டு பங்கு உயரம். பன்னி அந்த அணையோட வாய்க்கால்லதான் இறங்கி வருது. காலடி பாத்திருக்கேன்."

முதலாளி துண்டுக் கடதாசி ஒன்றை நகர்த்தி வைத்தார். "கீறுங்க அக்கா."

அவள் கீறினாள். குடிசை, மரவள்ளி, போஞ்சி, அணை. "எத்தின அடி வரும்?" என்று அவர் கேட்டார். "அடி தெரியாது தம்பி. என் எட்டுக்கு இருபத்தெட்டு. கூடையோட நடந்தா முப்பது" என்றாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடக்கிற நிலம், அவள் கணக்கில் பிழை வராது.

"அப்ப பேச்சே இல்ல" என்றார் அவர். "குட்டைக் குழல். எஸ்.ஜி. தோட்டா. கீழ இருந்து மேல, மண்ணப் பாத்து. மண்ணு வாங்கிக்கொள்ளும். அணைக்கு மேல தலை தெரிஞ்சா சுட வாணாம், அதுக்குப் பின்னுக்கு வானம்." என் பக்கம் திரும்பி, "அண்ணே, இந்தத் துவக்கு உண்மையிலயே அக்காவுக்குத்தான் லைசன் குடுத்தீக்கணும்" என்றார். எனக்கு மூக்கு உடைந்தது. ஆனால் உள்ளுக்குள்ளே என்னவோ பெருமையாகவும் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன், அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று. யாரும் மறிக்கவில்லை.

துவக்கையும் தோட்டாவையும் ஒரே இடத்தில் வைக்கக்கூடாது, தோட்டாவைப் பூட்டித்தான் வைக்கவேண்டும் என்று பொலிசில் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் பூட்டுப் போடுகிற இடம் ஒன்றே ஒன்று, அலுமாரியின் லாச்சி. அதற்குள் மனைவியின் பாஸ்போர்ட் இருந்தது. அவள் அதை எடுத்துவிட்டுத் தோட்டாப் பெட்டியை வைத்துப் பூட்டினாள். சாவியைத் தன் சேலை ஊசியில் கோத்துக்கொண்டாள். பாஸ்போர்ட்டைத் தோளில் மாட்டுகிற பைக்குள் வைத்தாள்.

"அதை ஏன் பைக்குள்ள வைக்கிற?"

"கைக்கெட்டினாப்போல இருக்கட்டும்" என்றாள். அந்தப் பை கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். போகும்போதும் வரும்போதும் என் தோள் அதில் இடிக்கும்.

இனி நான் செய்த பெரிய மடத்தனத்தைச் சொல்லவேண்டும். துவக்கு வந்த மூன்றாம் நாள் ஆயுத பூசை. லயத்தில் அன்று கத்தி, மண்வெட்டி, தையல் மெசின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். ஓட்டோவுக்கு மாலை போட்டுச் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசுக்குவோம். வீட்டுக்குப் புதிதாக ஓர் ஆயுதமே வந்திருக்கிறது, அதை விடலாமா? படத்துக்கு முன்னால் பாய் போட்டு அதைக் கிடத்தினேன். குழல் நெடுகச் சந்தனம், நடுநடுவே குங்குமம். மடிக்கிற மூட்டில் ஒரு பெரிய சந்தனப் பொட்டு, கொஞ்சம் தாராளமாகவே. ஒரு தேசிக்காயை வெட்டிக் குங்குமம் தடவி, ஒரு பாதியைக் குழலின் வாயிலும் மறு பாதியை மூட்டிலும் வைத்தேன். கண்ணேறு படக்கூடாதே! பூசைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி பூசை முடியும்வரை தொடக்கூடாது. தொடவில்லை.

மறுநாள் விடிகிற நேரம் மகள் ஓடிவந்து எழுப்பினாள். "அப்பா, பன்னி!" பூசையாவது ஒன்றாவது, எழும்பி ஓடிப்போய் துவக்கைத் தூக்கினேன். தேசிக்காய் இருந்த இடமெல்லாம் செம்மஞ்சளாகத் துரு. மூட்டுக்குள் இறங்கிய சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது. முழங்காலில் வைத்து மடித்துத் திறந்தேன். மனைவி லாச்சியைத் திறந்து தந்த தோட்டாவைப் போட்டால் மூட மாட்டேன் என்றது. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மேலே ஏழு பன்றியும் ஆற அமரக் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போயின. போஞ்சியில் இரண்டு வரிசை போய்விட்டது. இன்னும் எட்டு வரிசை மிச்சம்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! திட்டவில்லை. விழுந்த கொடிகளை நிமிர்த்திக் கட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு கண்டியில் இருக்கிற ஏஜென்சிக்குப் போன் எடுத்தாள். மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தால் மெடிக்கலுக்கு அனுப்பலாம் என்று அங்கே சொன்னது எனக்கும் கேட்டது. மகளுக்கும் கேட்டது. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

துவக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மடவளைக்காரரிடம் ஓடினேன். சாக்கைப் பிரித்தவர் குழலை மோந்து பார்த்தார். "என்ன அண்ணே இது, தேசிக்காய் மணக்குது?" நடந்ததைச் சொன்னேன். மனிதர் கதிரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "யா அல்லாஹ்! தேசிக்காய மீனுக்குப் பூசுங்க, சோடாவுக்குப் புழியுங்க. இரும்புக்குப் பூசுவாங்களா?" பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டார். குவைத்துக் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது, சொல்லிவிட்டேன். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, பின்பக்கம் கொண்டுபோய் ஊசியால் மூட்டைக் குடைந்தார், எண்ணெய் போட்டார், கம்பிப் பஞ்சால் துருவைத் தேய்த்தார். பின்னேரம்வரை தேய்த்தார். மூட்டு 'டக்' என்று மூடியபோது என் உயிர் திரும்பி வந்தது. குழலில் மட்டும் தேசிக்காய் வைத்த இடத்தில் வட்டமாக ஒரு வடு நின்றுவிட்டது. "அது போகாது. உள்பக்கம் சுத்தமா ஈக்கிது, பயப்பட வாணாம். அடுத்த வருசம் பூசைக்கு ஒரு பூ மட்டும் வைங்க" என்றார்.

அடுத்த நாளே குடிசையைப் பிரித்துக் கீழே கொண்டுவந்து கட்டினோம். விடிய முன்னம் தேத்தண்ணிப் போத்தலோடு நானும் அவளும் போய் உட்காருவோம். அணை தெளிவாகத் தெரிகிற வெளிச்சம் வரும்வரை தோட்டா போடக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். தோட்டாக்கள் அவள் மடியில்தான் இருக்கும். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் வெளிச்சம் வந்து நான் தோட்டாவைப் போட்டதும் வாய்க்கால் பக்கம் செடி அசைந்தது. துவக்கைத் தோளில் வைத்துவிட்டேன். வெளியே வந்தது மான். பெண் மான். பின்னால் ஒரு குட்டி.

உண்மையைச் சொல்கிறேன், விரல் விசைக்குப் போய்விட்டது. ஓட்டோ ஸ்டாண்டில் அத்தனை பேரும் என் காதுக்குள் சத்தம் போட்டார்கள். அணைக்கு முன்னால் விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இருபத்தெட்டு எட்டு. தவறவே தவறாது. அவள் என் கையில் கையை வைத்தாள். அழுத்தக்கூட இல்லை. "குட்டி வச்சிருக்குங்க" என்றாள் மெதுவாக. நான் துவக்கை இறக்கி, மடித்து, தோட்டாவை எடுத்து அவள் மடியில் போட்டேன். மான் போஞ்சிக் கொழுந்தை நாலு வாய் தின்றது, குட்டியைக் கூட்டிக்கொண்டு போனது. நாலு வாய்தானே! அதற்குக் கொடுக்க எங்களிடம் இருந்தது.

ஐந்தாம் நாள் பன்றிகள் வந்தன. முதலில் பெரியது. அணையின் மேல் தலை தெரிந்தது. அதற்குப் பின்னால் வானம், சுடவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது, ரோட்டில் முன்னால் போகிற பஸ்ஸைக்கூட ஏசுகிறவன். அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது வாய்க்காலில் இறங்கி, அணைக்கு முன்னால் வந்து, போஞ்சி வரிசையில் மூக்கை வைத்தது. "இப்ப" என்றாள் அவள். குட்டைக் குழல் வெடித்தது. தோள் இடிபட்டு நான் பின்னால் சாய்ந்தேன். புகைக்கு அப்பால் மண் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் பெரியது விழுந்து கிடந்தது, அசையவில்லை. மற்ற ஆறும் காட்டுக்குள் ஓடிய வேகத்தைப் பார்க்கவேண்டுமே! லயமே ஏறி வந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு என்று என் மனைவியே நின்று பிரித்துக் கொடுத்தாள். நான் அணையில் போய்ப் பார்த்தேன். தவறிய உருண்டைகள் எல்லாம் மண்ணுக்குள் இருந்தன. லயத்தின் பக்கம் ஒன்றுமே போகவில்லை.

அதற்குப் பிறகு பன்றிகள் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எங்கே போயினவோ, யாரைப் பிடித்தனவோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும். போஞ்சி காய்த்தது. ஆனால் மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் துணிவில்லை. துவக்கைத் தூக்கினவன், பெண்டாட்டியிடம் ஒரு கேள்வி கேட்கப் பயந்தேன். ஒரு நாள் காலை கதவால் வெளியே போகும்போது தோளில் ஒன்றும் இடிக்கவில்லை. ஆணியில் பை இல்லை. அவளும் வீட்டில் இல்லை. ஏஜென்சிக்குப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க, இங்க உக்காந்திருக்கீங்க?" மேலேயிருந்து இறங்கி வந்தாள். அந்தப் பையும் தோளில் இருந்தது. வாய்வரை போஞ்சி. கூடைகள் எல்லாம் நிறைந்துவிட்டனவாம், மிச்சத்துக்குப் பையை எடுத்துக்கொண்டாளாம்.

"பாஸ்போர்ட்?" என்றேன்.

அவள் ஊசியிலிருந்து சாவியைக் கழற்றித் தந்தாள். உள்ளே போய் லாச்சியைத் திறந்தேன். தோட்டாப் பெட்டிக்கு அடியில், பின்பலகையோடு ஒட்டி, பாஸ்போர்ட் கிடந்தது.

"இதை ஏன் தோட்டாவோட வச்சிருக்க?"

"ரெண்டும் கையில கிடைக்கிற மாதிரி கிடக்கக்கூடாத சாமான்" என்றாள். "பூட்டியே இருக்கட்டும். சாவியைக் குடுங்க."

கொடுத்தேன். திரும்ப ஊசியில் கோத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து மகள், "அம்மா, என் சப்பாத்து எங்க?" என்று கத்தினாள். "அலுமாரிக்கு அடியில பாரு!" என்று இவள் பதிலுக்குக் கத்தினாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடைகளைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினேன். மடவளைக்காரருக்கு என்று ஒரு பை போஞ்சியை மட்டும் முன் சீட்டில் என் பக்கத்தில் வைத்தேன்.